இடது காதின் நுனி

டயர் கடைப் பின்வளவில் ஒன்பது பூனைகள்.
போன பங்குனியில் மூன்று.
கணக்கு எங்கேயும் பிழைக்கவில்லை,
இந்தக் கணக்கு இப்படித்தான் ஏறும் என்கிறாள் மார்லின்.
கயானாக்காரி, பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள்.
அவள் கார் டிக்கியில் எப்போதும் நாலு கூண்டு.

எனக்குப் பூனை பிடிக்காது.
இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.
ஸ்காபரோவில், மிட்லண்ட் வீதியில்,
டயர் கடைக்கு வரவுசெலவு எழுதுகிறவள் நான்.
மீன்தலை வைத்தது ஒரே ஒரு நாள்.
அதுவும் மிஞ்சியதால்.

பிடிப்பதற்கு முதல்நாள்
பட்டினி போட வேண்டும்.
வழமையான நேரத்துக்கு வந்து
குப்பைத்தொட்டி மூடியில் வரிசையாகக் குந்தியிருந்து
என் கையைப் பார்த்தன.
ஜன்னல் சீலையை இழுத்துவிட்டு
வரிக் கணக்குக்குள் தலையை விட்டேன்.
ஓர் எண்ணும் ஒட்டவில்லை.

மறுநாள் பின்னேரம்
கூண்டின் கடைக்கோடியில் டின்மீன்.
வாசலிலிருந்து அதன் தண்ணி
சொட்டுச் சொட்டாக உள்ளே போகிறது.
நடுவில் ஒரு தகடு, மிதித்தால் கதவு விழும்.
பொறி என்று சொல்ல வாய் வரவில்லை.
பொறிதான்.

சாம்பல் பெட்டை போனது.
கதவு விழுந்த சத்தத்துக்கு
மற்ற எட்டும் எட்டுத் திசையில்.
அது கம்பியில் முகத்தை அடித்தது, அடித்தது,
மார்லின் துவாயைப் போட்டு மூடினாள்.
இருட்டானதும் அடங்கியது.

காலை ஏழுமணி, கிளினிக் வாசலில் வரிசை.
படிவத்தில்
பெயர்: இல்லை.
வயது: தெரியாது.
உரிமையாளர்:
பேனை நின்றுவிட்டது.
பின்னால் யாரோ செருமினார்கள்.
கவுண்டர்ப் பெடியன் விரலை நீட்டிக் காட்டினான்,
கீழே இன்னொரு கோடு:
பராமரிப்பவர்.
அதில் என் பெயரை எழுதினேன், முழுதாக,
தகப்பன் பெயரும் சேர்த்து,
பாஸ்போட்டில் இருக்கிறபடி.

வயிற்றில் குட்டி இருந்தாலும் செய்யலாமா?
ஆம். இல்லை.
ஆமில் குறி போட்டுவிட்டு
பேனையைத் திருப்பிக் கொடுக்காமல் வந்துவிட்டேன்.
இன்னும் மேசையில் கிடக்கிறது.
நன்றாக எழுதும்.

மத்தியானம் டொக்டர் போன் எடுத்தார்.
வயிற்றில் ஒன்றும் இல்லை.
முலையில் பால் இருக்கிறது.

கார்த்திகை மாதம். எல்லாரும்
குளிர்கால டயர் மாற்றிக்கொண்டிருந்தார்கள்.
கழற்றிய கோடை டயர்கள் வளவு முழுக்க,
சொந்தக்காரர் பெயர் ஒட்டி, தலைக்கு மேலே உயரமாக.
போன் வெளிச்சத்தோடு ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும்
கையை விட்டேன். றப்பர், தண்ணி, இலை.
கடைசி அடுக்கில், ஒரு நிசான்காரரின் நாலு டயருக்கு அடியில்,
மூன்று.
இரண்டு அசைந்தன.

ஒன்பது என்று எழுதியிருந்தேன்.
பன்னிரண்டு என்று வெட்டி எழுதி
அதையும் வெட்டி
பதினொன்று.
ஒரு இரவு, ஒரு பகல். அந்தத் தாயை
நான்தான் மூடிவைத்திருந்தேன்.

மார்லின் ஒன்றும் சொல்லவில்லை.
குட்டிகளை என் சட்டைக்குள் போடச் சொன்னாள்.
போட்டேன்.
நகம் ஊசி மாதிரி.

தன் கராஜில், தாயோடு, ஏழு கிழமை.
குட்டி இரண்டையும் ஒஷாவாவில் ஒரு தாதி வாங்கிப் போனாள்.
தாய் கடைசிவரைக்கும் சீறிக்கொண்டே இருந்தது.
சில பூனைக்கு வீடு ஒரு வருத்தம், என்றாள் மார்லின்,
திருப்பி விடு.

மீன்கடையில் ரெஜிபோம் பெட்டி கேட்டு வாங்கினேன்.
கழுவியும் விளைமீன் மணம் போகவில்லை,
அதற்கென்ன.
பக்கத்தில் ஓட்டை, உள்ளே வைக்கோல்.
கம்பளி போடக் கூடாதாம்,
ஈரம் பிடித்து உறைந்துவிடும்.

கூண்டைத் திறந்தேன்.
நன்றி இல்லை, திரும்பிப் பார்த்தல் இல்லை.
பனியில் ஒரு சாம்பல் கோடு,
கொண்டெயினருக்கு அடியில் போய் முடிந்தது.

இப்போது கதவடியில் நின்றே தெரிகிறது:
இடது காதில் நுனி இல்லாதவை எட்டு.
இனி அவற்றை யாரும் பிடிக்கத் தேவையில்லை.

மிச்சம் அந்த மஞ்சள் கடுவன்.
தகட்டை மிதிக்காமல்
மீனை மட்டும் இழுத்தெடுக்கப் பழகிவிட்டது.
இன்றைக்கு மறுபடி பட்டினி.
மூடியில் தனியாகக் குந்தியிருக்கிறது.
வெளியே கழித்தல் பதினெட்டு.

சீலையை இழுத்துவிட்டேன்.
முழுதாக அல்ல.